வார்டில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள்தானே?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படகர் கிராமத்தில்) கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். சின்னத் தேயிலைத் தோட்டம்தான் பிழைப்பு. கொரோனா மூன்றாம் அலையின்போது என் அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "என்னோடு வார்டில் இருந்த பதினைந்து பேரில் பத்துப் பேர் ஊசி போட்டவர்கள். அப்புறம் எதற்கு ஊசி?" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். இப்போது அவர் பேரனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, ஊசி போட வேண்டும் என்று செவிலியர் வந்து சொல்கிறார். அண்ணன் வேண்டாம் என்கிறார், மருமகளும் தயங்குகிறாள். "நாலு கேஸ் இருந்தபோதே மலைக்கு வரும் ரோட்டை அடைத்தார்கள், எல்லாம் சும்மா கணக்குக் காட்டத்தான்" என்றும் பேசுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: உங்கள் அண்ணன் பார்த்தது பொய்யில்லை. முதலில் அதை அவரிடம் ஒப்புக்கொண்டு பேச்சை ஆரம்பியுங்கள். பெரும்பாலானவர்கள் ஊசி போட்டு முடித்த ஊர்களில் ஆஸ்பத்திரி வார்டில் அவர்களே அதிகம் இருப்பது நடக்கக்கூடியதுதான். அப்போதே மைக் கட்டி இதையும் விளக்கியிருக்க வேண்டும். "ஊசி போட்டால் ஒன்றும் வராது" என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனால், ஒன்று வந்தவுடன் மொத்தமும் பொய் என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள்.

அவர் எண்ணியது வார்டுக்குள் படுத்திருந்தவர்களை. வார்டுக்கே வராமல் வீட்டில் இருந்தவர்கள் எத்தனை பேர்? அந்த எண் அவர் கணக்கில் இல்லை. தோட்டக்காரரான அவருக்கு அவர் தொழிலிலேயே கேளுங்கள்: ஒருவர் மாதம் ஆயிரம் கிலோ கொழுந்து எடுக்கிறார், இன்னொருவர் முந்நூறு கிலோ எடுக்கிறார், யார் தோட்டத்தில் விளைச்சல் நன்றாக இருக்கிறது? எத்தனை ஏக்கர் என்று கேட்காமல் அவர் பதிலே சொல்ல மாட்டார். முதலாமவருக்குப் பத்து ஏக்கர், அடுத்தவருக்கு ஒரே ஏக்கர் என்றால் பதில் தலைகீழாகிவிடும்.

இப்போது வார்டுக்கு வருவோம். கணக்குக்காக ஒரு பெரிய ஊரை வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் ஆயிரம் பேர். 950 பேர் ஊசி போட்டாயிற்று, 50 பேர் போடவில்லை. நோய் பரவுகிறது. போடாத 50 பேரில் 5 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், போட்ட 950 பேரில் 10 பேரை. வார்டில் மொத்தம் 15 பேர், அதில் 10 பேர் ஊசி போட்டவர்கள். அண்ணன் பார்த்த அதே காட்சி. ஆனால் போடாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் படுக்கைக்கு வந்திருக்கிறார்கள், போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர். யாருமே போடாமல் இருந்திருந்தால் அதே ஊரிலிருந்து நூறு பேரைச் சேர்க்க வேண்டியிருக்கும். இன்னொன்றும் கவனியுங்கள்: ஊரில் ஊசி போட்டவர்கள் கூடக் கூட வார்டிலும் அவர்கள் பங்கு கூடும். ஆயிரம் பேரும் போட்டுவிட்டால் வார்டில் இருப்பவர்கள் நூற்றுக்கு நூறு ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

"இது நீங்களாகப் போட்ட கணக்கு" என்று அவர் மடக்கினால், நடந்த கணக்கு ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2021 இரண்டாம் அலையில், ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, தமிழகக் காவல்துறையில் கொரோனாவால் இறந்தவர்கள் 31 பேர். அவர்களில் 11 பேர் ஒரு தவணையாவது ஊசி போட்டவர்கள். இறந்த மூவரில் ஒருவர் ஊசி போட்டவர் என்று இதை மட்டும் தலைப்பாகப் போட்டால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். வகுக்கும்போது கீழே வரும் எண்களை, அதாவது மொத்தம் எத்தனை பேர் என்பதை, சேர்த்துப் பாருங்கள். அன்றைக்குக் காவல்துறையில் இருந்தவர்கள் 1,17,524 பேர். ஊசியே போடாத 17,059 பேரில் 20 பேர் இறந்தார்கள். ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டும் போட்ட 67,673 பேரில் 4 பேர். பத்தாயிரம் பேருக்கு என்று வகுத்தால் முறையே ஏறத்தாழ 12, 2, அப்புறம் ஒன்றுக்கும் குறைவு. ஒரு தவணை 82 சதவீத மரணத்தையும், இரண்டு தவணை 95 சதவீத மரணத்தையும் தடுத்தது என்று ஆய்வாளர்கள் எழுதியது இந்த வகுத்தலிலிருந்துதான். ஒரு கால்குலேட்டர் இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம்.

இந்த ஆய்வுக்கும் குறை உண்டு. போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வயதும் உடம்பில் ஏற்கெனவே இருந்த நோயும் ஒன்றுபோல் இருந்தனவா என்பது அதில் பிரித்துப் பார்க்கப்படவில்லை. இப்படிப்பட்ட எந்தக் கணக்கிலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: ஊசி போடாதவர்கள் யார், ஏன் போடவில்லை? 2021 மார்ச்சில் 60 வயது தாண்டியவர்களுக்கும், சர்க்கரை, இதய நோய் போன்றவை இருந்த 45 வயதுக்காரர்களுக்கும் முதலில் போட்டார்கள். 18 வயதுக்காரர்களின் முறை மே மாதம்தான் வந்தது. ஆகவே நடுவில் சில மாதங்கள் ஊசி போட்டவர்கள் கூட்டம் என்பதே வயதானவர்கள், நோயாளிகள் கூட்டமாக இருந்தது. அந்த நேரத்துக் கணக்கை அப்படியே படித்தால் ஊசி இருப்பதைவிட மட்டமாகத் தெரியும்.

நாளாக நாளாக நிலைமை மறுபக்கம் சாய்ந்தது. கடைசிவரை போடாமல் இருந்தவர்கள் ஒரு தனி ரகம். நீலகிரியில் 2021 செப்டம்பரில் டாஸ்மாக் கடையில் சரக்கு வாங்க ஊசி போட்ட சான்றைக் காட்டச் சொன்னது நினைவிருக்கும். குடிக்கிறவர்களில் சிலர் ஊசி வேண்டாம் என்று நழுவிக்கொண்டிருந்ததால் வந்த ஏற்பாடு அது. சிரித்தோம், ஆனால் புள்ளிவிவரக்காரருக்கு அதில் ஒரு சேதி இருக்கிறது. போடாதவர்களில் குடியால் ஈரல் கெட்டவர்கள் கூடுதலாக இருந்தால், அவர்கள் அதிகம் சாவதில் ஒரு பங்கு குடியின் கணக்கு. முழுவதையும் ஊசியின் பெருமையாக எழுதக் கூடாது. இதையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும் தடுப்பூசி சாவைக் கணிசமாகக் குறைத்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தொற்று வராமல் தடுப்பதில் மட்டும் அது சில மாதங்களிலேயே தளர்ந்துவிட்டது. ஒமிக்ரான் வந்தபோது ஊசி போட்ட வீட்டிலும் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது அதனால்தான்.

இப்படி மொத்தம் எத்தனை பேர் என்ற கீழ் எண்ணைப் பார்ப்பது எப்போதும் ஊசிக்குச் சாதகமாகத்தான் முடியும் என்றும் இல்லை. கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறைவது தெரிந்தவுடன், பிரிட்டனில் 2021 ஏப்ரலில் 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், மே மாதம் 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் முடிந்தால் வேறு ஊசி கொடுங்கள் என்று மாற்றினார்கள். வயதானவர்களுக்கு அதே ஊசி தொடர்ந்தது. இளைஞருக்குக் கொரோனாவால் சாகும் வாய்ப்பே குறைவு, கையில் மாற்று ஊசியும் இருந்தது. அங்கே அந்த அரிய ஆபத்துக்கு எடை கூடிவிட்டது. அண்ணன் வாட்ஸ்அப்பில் வந்த இந்தச் செய்தியை எடுத்துக் காட்டினால் மறுக்காதீர்கள்.

ரோட்டை அடைத்த விஷயம் வேறு வகை. எத்தனை கேஸ் என்பதை மட்டும் வைத்து மலையில் முடிவெடுக்க முடியாது. நீலகிரியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 7,35,394. இவ்வளவு சின்ன மாவட்டத்தில் போன வாரம் 4, இந்த வாரம் 8 என்றால் "நூறு சதவீத உயர்வு" என்று டிவியில் ஓடும். ஒரு கல்யாண வீடோ, எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயன் வரிசையோ போதும் அந்த உயர்வுக்கு. அதே சமயம், அந்த 8 பேரில் இரண்டு பேருக்கு மூச்சு முட்டினால் எங்கே கொண்டுபோவது என்பதும் கேள்வி. அப்போது மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரியே இல்லை. அது 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. ஊட்டியிலிருந்து கோவைக்கு மலைப்பாதையும் சேர்த்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர். மழையில் ஒரு மரம் சாய்ந்தால் ஆம்புலன்ஸ் நடுவழியில் நிற்கும். சீசனில் ஊர்க்காரர்களோடு லட்சக்கணக்கில் வெளியாட்களும் சேருவார்கள், படுக்கைகள் மட்டும் அதே எண்ணிக்கையில் இருக்கும். 2020 செப்டம்பரில் மற்ற ஊர்களில் இ-பாஸ் தளர்ந்த பிறகும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு செல்ல அது தொடர்ந்ததை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

எல்லா முடிவும் சரி என்று வாதாட மாட்டேன். காற்றில் பரவும் நோய்க்குத் திறந்தவெளிப் பூங்காவைவிட, குளிருக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு பன்னிரண்டு பேரை அடைத்துக்கொண்டு போகிற வேன்தான் பெரிய ஆபத்து. பூங்காவைப் பூட்டுவது சுலபம், வேனுக்குள் எட்டிப்பார்ப்பது கஷ்டம்.

மலைக்கே உரிய இன்னொரு எண் உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கலாம்: ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று அப்போது சொன்னார்கள். அது சமவெளியை மனதில் வைத்துச் சொன்ன எண். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. அங்கே நல்ல திடமான ஆளுக்கே 94, 95 காட்டலாம். கோத்தகிரி அதைவிடத் தாழ்வு என்றாலும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். விரல் ஜில்லென்று இருந்தால் கருவியே தடுமாறும். உள்ளங்கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கி, நகச்சாயம் இருந்தால் அழித்துவிட்டு, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை பொறுத்துப் பாருங்கள். உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் பார்த்துக் காலண்டர் ஓரத்தில் குறித்து வையுங்கள். காய்ச்சலின்போது அதிலிருந்து மூன்று, நான்கு புள்ளி இறங்கினாலோ, பேசும்போதே மூச்சு வாங்கினாலோ, கருவி என்ன சொன்னாலும் உடனே கிளம்புங்கள்.

இனி பேரன். அவனுக்குப் போடப்போவது கொரோனா ஊசியே இல்லை. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசியின் இரண்டாவது பூஸ்டர் அது. குழந்தையாக இருக்கும்போது போட்டதன் பலம் ஐந்து வயதுக்குள் குறைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளோடு உட்காரப் போகிற நேரத்தில் அதை மறுபடி தூக்கிவிடத்தான் இந்த ஊசி. இது அவசரத்தில் வந்த புது மருந்தும் இல்லை. அண்ணன் எத்தனையோ முறை கடந்து போயிருக்கும் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், சிம்ஸ் பூங்கா பக்கத்தில் 1907 முதல் இயங்குவது, இதைப் பல காலம் நாட்டுக்கே தயாரித்துக் கொடுத்தது. 2008-இல் அதன் உரிமத்தை நிறுத்தி வைத்தார்களே என்று கேட்பார். உண்மைதான். உற்பத்திக்கூடம் புதிய தரவிதிகளுக்கு ஏற்ப இல்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். 2010-இல் அந்தத் தடை விலக்கப்பட்டது.

தொண்டை அடைப்பான் எல்லாம் பழைய காலத்து நோய் என்று மருமகள் நினைக்கலாம். கூடலூரிலிருந்து நாடுகாணிச் சுரம் இறங்கினால் வருகிற மலப்புரம் மாவட்டத்தில் 2016-இல் அது பரவி, பதின்வயதுப் பிள்ளைகள் இறந்தார்கள். நோய் வந்த பலருக்கு ஊசி முழுமையாகப் போட்டிருக்கவில்லை. இந்த நோய் வந்தால் சிகிச்சை கொடுத்தும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை இறக்கலாம். ஊசியால் வருவது பெரும்பாலும் ஓரிரு நாள் கைவலி, காய்ச்சல். பாராசிட்டமால் போதும், ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். முன்பு போட்டபோது வலிப்போ, கடுமையான ஒவ்வாமையோ வந்திருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மருமகளோடு தனியாகப் பேசுங்கள்; அண்ணன் முன்னால் வைத்துப் பேசினால் அவள் வாய் திறக்க மாட்டாள். அவள் பயம் என்ன என்று கேட்டுக்கொண்டு, அதைச் செவிலியரிடமே சொல்லச் சொல்லுங்கள். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். பேரனின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் போங்கள். விட்டுப்போன தவணை வேறு இருந்தால் அங்கேயே பார்த்துச் சொல்வார்கள். ஏழு வயதுவரை இந்த முத்தடுப்பைப் போடலாம். அதைத் தாண்டிவிட்டால் கக்குவான் இருமல் பகுதி இல்லாத டிடி ஊசிதான் கிடைக்கும், ஆகவே அண்ணன் மனம் மாறட்டும் என்று இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டாம்.