அம்மாவின் கால் மிஷினை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில், மாடியில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறோம். அம்மாவின் கறுப்பு கால் மிஷினுக்கு முப்பது வயசுக்கு மேல் ஆகிறது. அதில்தான் அக்கம்பக்கத்தாருக்கு பிளவுஸ் தைக்கிறேன், நைட்டி பிடித்துக் கொடுக்கிறேன். இப்போது தையல் விட்டு விட்டு விழுகிறது. அடியில் நூல் சுற்றிக்கொள்கிறது. அதைக் கொடுத்துவிட்டு மோட்டாரோடு வரும் ஜிக்ஜாக் மிஷினை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லையும் பெரும்பாலும் மிஷினுக்கு வயசாவதால் வருபவை அல்ல. ஊசியையும் நூலையும் சரிபார்க்காமல் மிஷினையே மாற்றச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் புது ஊசி போடுங்கள். காட்டன் பிளவுஸுக்கு 14, ஷிபான் மாதிரி மெல்லிய துணிக்கு 11, கனமான துணிக்கு 16. வீட்டு மிஷின் ஊசியின் தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். கம்பெனிகளில் ஓட்டும் பவர் மிஷின் ஊசியின் தலை முழுக்க உருண்டை. பார்த்து வாங்குங்கள். ஊசியில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் எந்தப் பக்கமிருந்து காதுக்குள் நுழைகிறதோ, அந்தப் பக்கம் பள்ளம் வரவேண்டும். மேலே முட்டும்வரை ஏற்றித் திருகை இறுக்குங்கள். ஊசி கீழே போய்த் திரும்ப எழும்பும்போது நூல் ஒரு சின்ன வளையமாக விரியும்; பாபினைச் சுற்றி ஓடும் கொக்கியான சட்டிலின் கூர்முனை அந்த வளையத்துக்குள் நுழைந்தால்தான் தையல் விழும். ஊசி கொஞ்சம் வளைந்திருந்தாலோ, கொஞ்சம் இறங்கியிருந்தாலோ முனை வளையத்தைத் தவறவிட்டுவிடும். தையல் விட்டுப்போவதற்குப் பல நேரம் இவ்வளவுதான் காரணம்.

அடியில் நூல் சுற்றினால் எல்லாரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் நோண்டுவார்கள். கோளாறு அநேகமாக மேல் நூலில் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் புட் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால், அது நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராது; பிடிமானம் இல்லாத நூல் அளவுக்கு மீறி இறங்கிக் கீழே கொத்தாகச் சேரும். புட்டைத் தூக்கிவிட்டு முதலிலிருந்து நூலைக் கோத்துக்கொள்ளுங்கள். தட்டுகளுக்கு நடுவே துணியை விட்டுப் பஞ்சுத் தூசியைத் துடையுங்கள். தையல் ஆரம்பிக்கும்போது இரண்டு நூல் நுனியையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தை உங்களை நோக்கியே சுற்றுங்கள். பெடல் ஒரு தடவை பின்னோக்கிப் போனாலே நூல் சிக்கிவிடும்.

அப்புறம் பாபின் கேஸ். அதில் பாபினைப் போட்டு, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கக் கூடாது. கையை லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். ஊசி இறங்கும் தகட்டின் அடியில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கமெல்லாம் கடல் காற்றில் உப்பு கலந்தே வருகிறது. பிளேட், ஊசிக் கம்பி, சட்டில் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதற்காகச் சமையலறைத் தேங்காய் எண்ணெயை விடாதீர்கள். நாளாக ஆக அது பிசினாகி மிஷினை இறுக்கிவிடும். ஏற்கெனவே விட்டிருந்தால், துளைகளில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டி, கறுத்து வருவதைத் துடைத்துவிட்டு, நிறமில்லாத தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். சட்டில் ஓடும் வளையத்துக்கும் ஒரு சொட்டு. பிறகு வேஸ்ட் துணியில் தைத்து மிச்ச எண்ணெயை எடுத்துவிடுங்கள். ஜன்னலோரம் வைக்காமல், தைத்து முடித்ததும் மூடி வையுங்கள்.

இவ்வளவும் செய்து சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். சட்டில், பாபின் கேஸ், டென்ஷன் ஸ்பிரிங், துணியை நகர்த்தும் பல் எல்லாமே மாற்றக்கூடியவை. நம் வீடுகளில் உள்ள பெரும்பாலான கறுப்பு மிஷின்கள், சிங்கர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொண்டுவந்த அமைப்பின் வழியில் வந்தவை. அதனால் உஷா, மெரிட், ரீட்டா என்று பேர் வேறானாலும் இந்தச் சாமான்கள் இன்றும் சுலபமாகக் கிடைக்கின்றன. இரும்புத் தலையில் விரிசல் இருந்தாலோ, ஊசிக் கம்பியைப் பிடித்து ஆட்டும்போது நன்றாக ஆடினாலோ, அதில் பணம் போடுவதை யோசிக்கலாம்.

புது மிஷின் வேண்டுமா என்பதை உங்களுக்கு வருகிற வேலையை வைத்து முடிவு செய்யுங்கள். புடவைக்கு ஃபால்ஸ், பிகோ கேட்டு நிறையப் பேர் வந்தால் ஜிக்ஜாக் தேவைதான்; நேர்த்தையல் மிஷினில் பிகோ வராது. ஆனால் இரண்டாவது மிஷினாக வாங்குங்கள். வீட்டு உபயோக வெள்ளை மிஷின்கள் பலவற்றில் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். நாள் முழுக்க அக்குள் தையலின் நாலு மடிப்பில் ஓட்டினால் தாங்காது. பவர் மிஷின் வேகமானது, ஆனால் அதன் மேஜைக்கே உங்கள் அறையில் பாதி போய்விடும்.

இடத்துக்கு ஒரு வழி இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றி, பின்கீல் திருகுகளைத் தளர்த்தினால் தலை தனியாக வந்துவிடும். அதை மரப் பெட்டியில் பொருத்திச் சின்ன மோட்டார் மாட்டினால் மேஜை மேலேயே தைக்கலாம். உடம்பு முழுக்க இரும்பு என்பதால் ஒயரில் கசிவு இருந்தால் ஷாக் அடிக்கும். எர்த் சரியாக உள்ள பிளக்கில்தான் மாட்ட வேண்டும். ஸ்டாண்டை எடைக்குப் போடாமல் தெரிந்தவர் வீட்டில் வைத்திருங்கள். கரண்ட் போனால் கால் பெடல்தான் கைகொடுக்கும்.

மெக்கானிக் வரும்போது, புது ஊசியில் தைத்த துணித் துண்டு ஒன்றைக் கையில் வைத்திருங்கள். மேலே ஒரு நிறம், பாபினில் இன்னொரு நிறம் போட்டுத் தையுங்கள். மேல் நூலின் நிறம் அடிப்பக்கம் புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் தளர்வு; பாபின் நிறம் மேலே வந்தால் மேல் டென்ஷன் இறுக்கம், அல்லது பாபின் கேஸ் தளர்வு. அதை முதலில் அவரிடம் காட்டுங்கள், எங்கே கை வைக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.