சூடேறினால் விழ மறுக்கும் கியர்: கியர் பாக்ஸைப் பிரிப்பதற்கு முன்

கேள்வி: மேலூரிலிருந்து மதுரைக்கு நாள்தோறும் 125 சிசி பைக்கில் வேலைக்குச் சென்று வருகிறேன். வண்டி வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. காலையில் நான்குவழிச் சாலையில் சிக்கல் இல்லை. கோரிப்பாளையம் நெரிசலில் இன்ஜின் சூடான பிறகு நியூட்ரல் விழுவதில்லை, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது 'டக்'கென்று சத்தமும் வருகிறது. சர்வீஸ் சென்டரில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், கியர் பாக்ஸைப் பிரித்து வேலை பார்த்து, கிளட்ச் பிளேட்டும் மாற்ற ஏழாயிரம் ரூபாய் ஆகும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: இப்போது சம்மதிக்க வேண்டாம். நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகள் கியர் பாக்ஸைவிட, கிளட்ச் முழுமையாக விடுபடாமல் இருப்பதையே அதிகம் காட்டுகின்றன. லிவரை முழுக்கப் பிடித்த பிறகும் பிளேட்டுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்தால், இன்ஜினின் விசை கியர்களைப் பிணைக்கும் பற்களின் மேல் அழுந்தியபடியே இருக்கும். நியூட்ரல் பிடிபடாமல் போவதற்கும் மாற்றும்போது சத்தம் எழுவதற்கும் அந்த அழுத்தமே காரணமாகிறது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, முதல் கியர் போட்டதும் வரும் சிறு சத்தம் மட்டும் இதில் சேராது. ஆயில் கெட்டியாக இருந்து பிளேட்டுகள் ஒட்டிக்கொள்வதால் நல்ல வண்டியிலும் அது வரும்.

குறை எந்தப் பக்கம் என்பதை நீங்களே செலவில்லாமல் கண்டறியலாம். வண்டி நன்றாகச் சூடாகி வீடு திரும்பியதும் இன்ஜினை நிறுத்திவிட்டு, கிளட்சைப் பிடித்து, வண்டியை மெல்ல முன்னும் பின்னும் உருட்டியபடியே கியரை மாற்றிப் பாருங்கள். உருட்டாமல் மாற்றினால் பற்கள் நேர்ப்படாமல் குறையற்ற வண்டியிலும் கியர் விழாமல் போகலாம். உருட்டும்போது எளிதாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் குறை பெரும்பாலும் கிளட்ச் பக்கம்தான். இன்ஜின் நின்றபோதும் கடினமாக இருந்தால் கியர் லிவரையும் அதன் ஷாஃப்ட்டையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி எப்போதாவது இடப்பக்கம் சாய்ந்து விழுந்திருந்தால் அவை வளைந்திருக்கக்கூடும். இவை சரியாக இருந்தும் கியர் விழவில்லையென்றால்தான் கியர் பாக்ஸைப் பிரிக்கும் பேச்சுக்கே இடம்.

கிளட்ச் பக்கம் என்றால் கேபிளிலிருந்து தொடங்க வேண்டும். பல வண்டிகளில் கிளட்ச் லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு (கேபிள் இறுகுவதற்கு முன் லிவர் சும்மா அசையும் தூரம்) இருக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். தளர்வு அதற்கு மேல் போனால் கிளட்ச் முழுமையாக விடுபடாது. அறவே இல்லாவிட்டால் பிளேட் வழுக்கித் தேயும். இதைச் சரிசெய்வது சில நிமிட வேலை. கேபிளின் இழைகள் பிரிந்திருந்தால் புதியது போடுங்கள், அது பெரிய செலவன்று.

அடுத்தது ஆயில். உங்கள் வண்டியில் கிளட்ச், கியர், இன்ஜின் மூன்றும் ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. ஆகவே கையேடு சொல்லும் தரத்தையே ஊற்ற வேண்டும். 10டபிள்யூ-30 என்று இருந்தால் அதையே, டப்பாவில் பைக் ஆயிலுக்கான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக்குறி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். காருக்கான ஆயிலை ஊற்றினால் பிளேட் வழுக்கும் அபாயம் உண்டு. நெரிசலில் மணிக்கணக்கில் ஓடும் வண்டிக்கு ஆயிலை மாற்றும் நாளைத் தள்ளிப்போடவே கூடாது. செயின் தொய்ந்திருந்தாலும் கியர் மாற்றும்போது சத்தம் கேட்கும் என்பதால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி பணத்தைப் பற்றி. கேபிள், கிளட்ச் பிளேட் போன்ற தேயும் பாகங்களைப் பொதுவாக வாரண்டியில் சேர்ப்பதில்லை. ஆனால் கியர் பாக்ஸின் உள்பாகத்தில் தயாரிப்புக் குறை இருந்தால், ஒன்றரை ஆண்டே ஆன வண்டிக்கு நீங்கள் ஏன் பணம் தர வேண்டும் என்று கட்டாயம் கேளுங்கள். உங்கள் புகாரை அப்படியே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். எந்தப் பாகம், ஏன் மாற்றப்படுகிறது என்பதை எஸ்டிமேட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டுப் பெறுங்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. தேவையற்ற வேலைக்குப் பணம் வாங்கினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்; அதிலும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை.