எபிரெயப் பெயர்கள்: வாசகர் கேள்விகள்

யோனத்தான், நெத்தனியா இரண்டுக்கும் ஒரே பொருளா?

ஆமாம். 'நாத்தான்' என்றால் 'கொடுத்தார்'. யாவே என்ற இறைப்பெயர் பெயருக்கு முன்னால் வந்தால் 'யோ' என்றும், பின்னால் வந்தால் 'யா' என்றும் சுருங்கும். ஆக, இரண்டுமே 'யாவே கொடுத்தார்' என்கிற முழு வாக்கியம். யாவேக்குப் பதில் 'ஏல்', அதாவது 'கடவுள்', வந்தால் எல்நாத்தான், நெத்தனெயேல். யோவானையும் அனனியாவையும் இதேபோலப் பிரித்துப் பாருங்கள். இரண்டிலும் 'ஹனன்', அதாவது 'அருள் செய்தார்' இருக்கிறது. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் யோவானை அருளப்பர் என்று அழைத்தார்களே, எத்தனை அழகான மொழிபெயர்ப்பு!

குடும்பப் பெயர் இருந்ததா?

இல்லை. நம் இனிஷியல் போல அப்பா பெயர்தான். மகனுக்கு 'பென்', மகளுக்கு 'பத்', அரமேய மொழியில் மகனுக்கு 'பார்'. பர்திமேயு, திமேயுவின் மகன்.

சாமுவேல் என்றால் 'கர்த்தரிடம் கேட்டது' தானே?

அவருடைய தாய் அன்னாள் அப்படித்தான் சொல்கிறாள் (1 சாமுவேல் 1:20). ஆனால் 'வேண்டிக் கேட்டல்' என்பதற்கான 'ஷாஅல்' என்ற வேர் சாமுவேலில் இல்லை, இஸ்ரவேலின் முதல் அரசர் சவுலின் பெயரில் இருக்கிறது! 'ஷெம்' என்றால் பெயர். எனவே 'ஏலின் பெயர்' என்றோ 'அவர் பெயர் ஏல்' என்றோ பிரிப்பதுதான் சொல்லமைப்புக்குப் பொருந்துகிறது. அதற்காக அன்னாளின் விளக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஒலி ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு ஒரு தாயின் மனசு பேசுகிறது. விவிலியத்தில் இத்தகைய பெயர் விளக்கங்கள் நிறைய.

சவுலின் மகன் பெயர் இஸ்போசேத்தா, எஸ்பாலா?

எஸ்பால்தான் மூலப்பெயர் என்பேன். கடைசியில் இருக்கும் 'பால்', கானானியர் வணங்கிய பாகால்தான். சொல்லின் பொருள் 'எஜமான்'. தொடக்கத்தில் அது யாருக்கும் உறுத்தவில்லை. தாவீதின் மகனுக்கே 1 நாளாகமம் 14:7 'பெலியாதா' என்கிறது, இதிலும் பாகால் இருக்கிறது. 2 சாமுவேல் 5:16-ல் அவரே 'எலியாதா'. பாகால் வழிபாட்டோடு மோதல் முற்றிய பிறகு, அந்தச் சொல் இருந்த இடத்தில் 'போசேத்', அதாவது 'வெட்கம்' என்று மாற்றி எழுதினார்கள். சவுலின் பேரன் மேரிபால் மேவிபோசேத் ஆனதும் அப்படித்தான். நாளாகமத்தில் மட்டும் பழைய வடிவங்கள் தப்பிப் பிழைத்தன.

2012-ல் இஸ்ரேலில் ஏலா பள்ளத்தாக்கை ஒட்டிய கிர்பெத் கெயாஃபாவில் ஒரு ஜாடி துண்டு துண்டாகக் கிடைத்தது. ஒட்டிப் பார்த்தால், 'எஷ்பாஅல் பென் பேதா'. இவர் சவுலின் மகன் அல்ல, அப்பா பெயர் வேறு. ஏறக்குறைய 3000 ஆண்டுகளுக்கு முன், ஜாடியைச் சூளையில் வைப்பதற்கு முன்பே, ஈர மண்ணில் கீறிய எழுத்து அது. அன்றைக்கு அந்தப் பெயரில் யாரும் வெட்கத்தைக் காணவில்லை.