பக்கத்து சீட்டில் பிரபலம்!
வாசகர் கேள்வி – பதில்

கே: வந்தே பாரத்தில் பக்கத்து வரிசையில் ஒரு நடிகர். எளிமையான மனிதர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பேசலாமா, வேண்டாமா என்று தவித்தபடியே ஈரோடு வந்துவிட்டது. எப்படிப் பேசியிருக்கலாம்?
– வாசகர், ஈரோடு

ப: சாப்பாட்டுத் தட்டு வந்ததிலிருந்து எடுக்கும் வரை வாயே திறக்காதீர்கள். காதில் இயர்போன் இருந்தாலும், கண் மூடியிருந்தாலும் அப்படியே விட்டுவிடுங்கள். நீங்கள் இறங்குவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்துபோய்ப் பேசுவது உத்தமம். "அடுத்த ஸ்டேஷன்ல இறங்குறேன் சார், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்" என்றால் அவருக்கும் நிம்மதி. வண்டி சென்ட்ரலை விட்டதுமே ஆரம்பித்தால், ஊர் போய்ச் சேரும் வரை விடமாட்டாரோ என்ற கவலையில் எப்பேர்ப்பட்ட நல்ல மனிதருக்கும் முகம் இறுகும்.

"நான் உங்க பெரிய ஃபேன்" என்பதற்கு "தேங்க்ஸ்" தவிர அவர் என்ன சொல்ல முடியும்? உங்கள் மனதில் நின்ற ஒரு காட்சி, ஒரு ஷாட், ஒரு வரி என்று குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள். 2019 டிசம்பரில் சச்சின் டெண்டுல்கர் ட்விட்டரில் ஒருவரைத் தேடினாரே, நினைவிருக்கிறதா? டெஸ்ட் போட்டிக்காகச் சென்னை தாஜ் கோரமண்டலில் தங்கியிருந்தபோது சந்தித்த ஓட்டல் ஊழியர். கிரிக்கெட் பற்றி ஒன்று பேசலாமா என்று முதலில் அனுமதி கேட்டிருக்கிறார். பிறகு, முழங்கைக் காப்பு போடும்போது உங்கள் பேட் சுழலும் விதம் மாறுகிறது என்று சொல்லியிருக்கிறார். சச்சின் அதைக் கேட்டுத் தன் காப்பின் வடிவத்தையே மாற்றிக்கொண்டார்.

கே: ஏர்போர்ட்டில் ஒரு கிரிக்கெட் வீரரிடம் போர்டிங் பாஸில் கையெழுத்து வாங்கினேன். மார்க்கர் பட்ட இடமெல்லாம் கறுத்துவிட்டது. ஏன்?
– வாசகி, மதுரை

ப: போர்டிங் பாஸ், ஏ.டி.எம். சீட்டு, கடை பில் எல்லாம் பெரும்பாலும் தெர்மல் பேப்பர். அதன் மேல் பூசிய ரசாயனம் சூடு பட்டால் கறுக்கும். அச்சு விழுவதே அப்படித்தான். பர்மனென்ட் மார்க்கர் மையில் உள்ள ஆல்கஹாலும் அதே வேலையைச் செய்துவிடுகிறது. வேறு காகிதமே இல்லையென்றால் பின்பக்கம் திருப்பி, சாதாரண பால்பாயிண்ட் பேனாவில் வாங்குங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள், அந்தச் சூட்டில் மொத்தமும் கறுத்துவிடும்.

புத்தகம் என்றால் தலைப்புப் பக்கத்தை விரித்துக் கொடுங்கள். ஜெல் பேனா வேண்டாம். மை காயுமுன் மூடினால் எதிர்ப்பக்கத்தில் கண்ணாடி பார்த்த மாதிரி இன்னொரு கையெழுத்து விழும். பளபளப்பான போட்டோவுக்கு மெல்லிய முனை மார்க்கர்தான் சரி. பால்பாயிண்ட் அதில் வழுக்கும், அழுத்தினால் பள்ளம் விழும். இரண்டு நிமிடம் விரல் படாமல் காயவிடுங்கள். பேட்டில் வாங்குவதானால் எண்ணெய் தடவாத பேட். எண்ணெய் இருந்தால் மை படரும். டி-ஷர்ட்டுக்கு அடியில் ஒரு அட்டை வைத்து இழுத்துப் பிடியுங்கள். போட்டுக்கொண்டிருக்கும் சட்டையின் முதுகைக் காட்டி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். ரூபாய் நோட்டில் கூடவே கூடாது. நோட்டில் எழுதாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பேனாவை மூடி கழற்றி, ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு நீட்டுங்கள். உங்கள் பெயரையும் போடச் சொல்வதானால் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுங்கள். மூணு சுழியா, ரெண்டு சுழியா என்று கேட்டு எழுதுவதற்குள் அவரை யாராவது அழைத்துப் போய்விடுவார்கள்.

கே: பிரபலங்களோடு எடுக்கிற செல்ஃபி எல்லாம் மங்கலாகவே வருகிறதே?
– வாசகர், திண்டுக்கல்

ப: முதல் குற்றவாளி, சட்டைப்பை வியர்வை. லென்ஸில் பிசுக்கு இருந்தால் விளக்கு வெளிச்சமெல்லாம் புகைபோலப் பரவும், கைக்குட்டையால் துடையுங்கள். இரண்டாவது, நைட் மோட். அது படம் எடுக்க ஓரிரு விநாடி எடுத்துக்கொள்ளும், அதற்குள் கை ஆடிவிடும். அதை அணைத்துவிட்டு, இருவரும் வெளிச்சத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். வைட் ஆங்கிளில் ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபடும் என்பதால் அவரை நடுப்பக்கமாக விட்டு, ஓரத்தை நீங்கள் எடுத்துக்கொள்வதே மரியாதை! தோளில் கை போடுவதை அவரே போட்டால் ஒழியத் தவிர்க்கலாம். கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு போய் அனுமதி கேளுங்கள். லாக் எடுத்து, "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று காட்டி, பழைய வீடியோக்களை அழிக்கும் வரை ஒருவரை நிற்கவைப்பது கொடுமை. வீட்டுக்கு வீடியோ கால் போட்டு "அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க" என்பது அதைவிடக் கொடுமை. ஏர்போர்ட்டில் பாதுகாப்புச் சோதனை நடக்கும் இடத்தில் போனையே எடுக்காதீர்கள்.

கே: மார்கழியில் சென்னை வருகிறேன். வித்வான்களைச் சபாக்களில் நேரில் பார்க்க முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

ப: சுலபமாக. மாலையில் மேடையில் பாடுபவர், மறுநாள் காலை இன்னொருவர் கச்சேரிக்கு ரசிகராக வந்து உட்கார்ந்திருப்பார். கேன்டீனில் காபிக்கும் நிற்பார். கச்சேரி முடிந்து பார்ப்பதானால், மங்களம் பாடி, மிருதங்கத்துக்கு உறை போடும் வரை பொறுங்கள். மேடையேறித் தம்புராவைத் தொடக் கூடாது. இரண்டரை மணி நேரம் வாசித்த மிருதங்க வித்வானின் கையைப் பிடித்துக் குலுக்காதீர்கள், வணக்கம் போதும். "இன்னிக்கு அந்தத் தோடி..." என்று ஆரம்பித்தால் தொண்டை கட்டிய பாடகர்கூட இரண்டு வார்த்தை பேசிவிடுவார். ஆனால் பாடிய ராகம் தோடிதானா என்று நிச்சயம் செய்துகொள்ளுங்கள்.

கே: பிரபலம் ஒருவர் கடையில் வரிசையில் நின்றார். மரியாதைக்காக முன்னால் போகச் சொன்னேன். மறுத்துவிட்டார். தவறாக நினைத்திருப்பாரோ?
– வாசகர், நாகர்கோவில்

ப: இல்லை. ஆனால் மறுமுறை சொல்லாதீர்கள். 2017-ல் ராகுல் டிராவிட் தன் பிள்ளைகளோடு அறிவியல் கண்காட்சி ஒன்றில் வரிசையில் நின்ற படம் ஊரெல்லாம் சுற்றியது. முன்னால் இருந்தவர்கள் வழிவிட்டு, பின்னால் இருந்தவர்கள் சூழ்ந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் கண்காட்சியையே பார்த்திருக்க முடியாது. குழந்தைகளோடு வந்தவரைப் படம் எடுக்கவே வேண்டாம். கேட்டு எடுத்தாலும் குழந்தை முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் இன்ன கடையில் நிற்கிறார் என்று அப்போதே ஸ்டேட்டஸ் போட்டால் கால் மணியில் வாசலில் கூட்டம் கூடிவிடும். வீட்டுக்குப் போய் ராத்திரி போடுங்கள்.