ஊழியத்தில் சோர்வு – கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். ஊழியத்துக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. நான் ஜெபித்து வளர்த்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேறு சபைக்குப் போய்விட்டன. மூத்த ஊழியர் ஒருவர், "உனக்கு அழைப்பே இல்லை" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டிக்கு வாரந்தோறும் சங்கீதம் வாசிக்கப் போகிறேன். அதைத் தவிர உருப்படியாக எதுவும் நடக்கவில்லை. விட்டுவிடலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

பாட்டியைப் பற்றி எழுதிவிட்டு "அதைத் தவிர" என்கிறீர்கள். எனக்கு அதுதான் வலித்தது. எழுந்து வர முடியாத ஒருவர் உங்கள் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார். அதை ஊழியக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னது?

வேதத்தில் அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். கொரிந்துவில் பவுல் ஆக்கில்லாவோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்கிறார். ஓய்வுநாள்தோறும் ஜெபஆலயத்தில் பேசுகிறார். அங்கிருந்த யூதர்கள் எதிர்த்துத் தூஷிக்கிறார்கள். வஸ்திரத்தை உதறிவிட்டு வெளியேறுகிறார். அவருக்கும் கோபம் வந்தது, மனம் உடைந்தது. ஆனால் எங்கே போனார்? ஜெபஆலயத்துக்கு அடுத்த வீட்டுக்கு! யுஸ்து என்பவனுடைய வீடு அது. எதிர்த்தவர்கள் தினமும் பார்க்கும் தூரத்திலேயே மறுபடி பேசத் தொடங்கினார். அந்த ஜெபஆலயத்தின் தலைவனாகிய கிறிஸ்புவே வீட்டாரோடு விசுவாசியானான்.

அந்த நாட்களில் பவுல் தைரியசாலியாக இருந்தார் என்று எண்ணிவிடாதீர்கள். "நான் பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன்" என்று பின்னர் அதே சபைக்கு எழுதுகிறார். அவருடைய பயத்தைக் கண்டு கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை. இராத்திரியில் தரிசனமாகி, "இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு" என்றார். அந்த ஜனங்களில் எத்தனை பேரைப் பவுல் அதுவரை கண்டிருப்பார்? கண்ணுக்குத் தெரியாதவர்களை நம்பி ஒன்றரை வருடம் அங்கேயே தங்கினார்.

பர்மாவுக்கு 1813இல் போன அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன், முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819இல். இடைப்பட்ட வருடங்களில் மொழியைக் கற்றார், வேதத்தை மொழிபெயர்க்க ஆரம்பித்தார். வெளியிலிருந்து பார்த்த எவருக்கும் அது பலனாகத் தெரிந்திருக்காது.

அழைப்பு இல்லை என்றவரின் வார்த்தையைக் கர்த்தருடைய வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் சொன்ன குறைகளில் உண்மை இருந்தால் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவனைச் சபை நடுவே நிறுத்தி அவமானப்படுத்துவது ஆலோசனை ஆகாது. இதை அழுத்தியே சொல்கிறேன்.

போன குடும்பங்களைப் பற்றிப் பிரசங்கத்தில் பேசாதீர்கள். வழியில் பார்த்தால் நின்று நலம் விசாரியுங்கள், அது போதும்.

களைப்போடு இருக்கும்போது முடிவெடுக்கவும் வேண்டாம். சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான். அவன் சாப்பிட்டான், தூங்கினான், மறுபடியும் சாப்பிட்டான். ஓரேப் மலையில் கர்த்தர் அவனோடு பேசியது அதற்குப் பிறகு. ஆகவே சில வாரங்கள் பிரசங்கப் பொறுப்பை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டு நன்றாகத் தூங்குங்கள். உங்களைப் புகழவும் இகழவும் அவசியமில்லாத ஒரு நண்பரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். கொரிந்துவில் பவுலுக்கும் உடன் ஊழியரான சீலாவும் தீமோத்தேயுவும் வந்து சேர வேண்டியிருந்தது.

அதன்பிறகும் விட்டுவிடத்தான் தோன்றினால் எனக்கு எழுதுங்கள், பேசுவோம். பாட்டியைப் பார்க்கப் போவதை மட்டும் இந்த வாரமும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்த கடிதத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள். இருவருக்காகவும் ஜெபிக்கிறேன்.