டஹிட்டிப் பெண் போட்டிருக்கும் இளஞ்சிவப்பு அங்கி

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் பால் காகின், பசிபிக் பெருங்கடல் தீவான டஹிட்டியில் வரைந்த ‘கடற்கரையில் டஹிட்டிப் பெண்கள்’ ஓவியத்தில், வெளியுலகத்தின் நிழல்படாத ஒரு தீவின் கள்ளங்கபடமற்ற வாழ்க்கை தெரிகிறது. இப்படி ஒன்றைத் தந்த மேதையின் அந்தரங்கத்தை இத்தனை காலம் கழித்துக் கிளறுவது நியாயமா?

பதில்: அந்தரங்கத்துக்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் சொல்லும் கள்ளங்கபடமற்ற தீவு அந்த ஓவியத்திலேயே இல்லை.

பாரிஸ் ஓர்ஸே அருங்காட்சியகத்தில் இருக்கும், 1891-இல் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் அது. மணலில் இரண்டு பெண்கள். இடப்பக்கம் இருப்பவள் வெள்ளைப் பூப்போட்ட சிவப்புத் துணி உடுத்தி, ஒரு கையை ஊன்றி, கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருக்கிறாள். வலப்பக்கம் இருப்பவள் சம்மணமிட்டு ஓலை நாரைப் பின்னுகிறாள். அவள் பார்வை கைவேலையில் இல்லை. பக்கவாட்டில் எங்கோ போகிறது. ஒருத்தியை ஒருத்தி பார்க்கவும் இல்லை. கடலோ, பின்னால் பச்சையும் கருமையுமாகச் சில பட்டைகள், அவ்வளவுதான். காகின் நிழலைக் குழைத்துக் குழைத்து உடம்புக்கு உருட்சி தரவில்லை. கனத்த கோடு போட்டு உள்ளே வண்ணத்தைத் தட்டையாக நிரப்பிவிட்டார். கண் வேறெங்கும் ஓட வழியில்லாமல் அந்த இரண்டு உடம்புகளிலேயே நிற்கிறது. இந்தத் துணிச்சலுக்காக அவரை எத்தனை புகழ்ந்தாலும் தகும்.

இப்போது வலப்பக்கத்துப் பெண்ணின் உடையைப் பாருங்கள். கழுத்துவரை மூடிய இளஞ்சிவப்பு அங்கி. அது தீவின் உடை அல்ல, பாதிரிமார் கொண்டுவந்து பழக்கியது. லண்டனிலிருந்து மிஷனரிகள் டஹிட்டியில் இறங்கியது 1797-இல். பிரான்ஸ் அதைத் தன் காலனியாக இணைத்துக்கொண்டது 1880-இல். காகின் கப்பலில் போய்ச் சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிரார்த்தனைப் பாடல், நிர்வாகத்துக்குப் பிரெஞ்சு அதிகாரி என்று எல்லாம் நிலைத்துவிட்டிருந்தது. அவர் கண்ணும் கையும் அதை மறைக்காமல் இந்த ஓவியத்தில் பதித்திருக்கின்றன.

மறு வருஷமே அவர் இதே காட்சியைத் திரும்ப வரைந்தார். அது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே இரண்டு பெண்கள், ஆனால் அந்த அங்கி போய்விட்டது. பூப்போட்ட துணி வந்துவிட்டது! நீங்கள் ரசிக்கும் சொர்க்கம் இப்படித்தான் தயாரானது. பாரிஸில் விலைபோக வேண்டிய சொர்க்கம் அது.

இனி அந்தரங்கம். டெஹாமானா என்ற டஹிட்டிப் பெண்ணைத் தன் மனைவியாக வைத்துக்கொண்டபோது காகினுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. ஐரோப்பாவில் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் இருந்தார்கள். டெஹாமானாவுக்கு வயது பதின்மூன்று என்று எழுதிவைத்தது அவரே. தானே அச்சுக்குக் கொடுத்த சங்கதியை அந்தரங்கம் என்று நாம் ஏன் பொத்திவைக்க வேண்டும்? காலனியை ஆண்ட நாட்டின் வெள்ளைக்காரர் என்பதால்தான் அது அவருக்குச் சாத்தியமாயிற்று. அந்தச் சிறுமியின் தரப்பை யாரும் கேட்டு எழுதவில்லை. ‘அந்தக் காலத்தில் அப்படித்தான்’ என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இறக்கினால் அந்த இளஞ்சிவப்பு அங்கியும் சேர்ந்து மறையும். 2019-இல் லண்டன் நேஷனல் கேலரி அவருடைய உருவப்படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, சிறுமிகளோடு அவர் வைத்திருந்த உறவையும் அதற்கு அவருக்கு இருந்த சலுகையையும் சுவர்க்குறிப்பிலேயே எழுதிவைத்தது. ஓர்ஸேயிலும் டிரெஸ்டனிலும் அப்படி எழுதட்டும் என்பதே என் விருப்பம்.