கிறிஸ்துமஸ் விருந்தில் நான் என்ன சாப்பிடுவது?

கேள்வி: என் மகன் இத்தாலியில், பொலோன்யா நகரில் வேலை பார்க்கிறான். டிசம்பரில் நானும் கணவரும் அங்கே போகிறோம். அவன் அடிக்கடி சாப்பிடும் சின்ன உணவகம் ஒன்றை ஒரு குடும்பமே நடத்துகிறதாம். டிசம்பர் 25 மதிய விருந்துக்கு மூன்று பேருக்கும் அங்கே இடம் சொல்லி வைத்திருக்கிறான். கணவர் எல்லாம் சாப்பிடுவார். நான் முட்டைகூடத் தொடமாட்டேன். “நீ சாலட் சாப்பிட்டுக்கோம்மா” என்கிறான். சாப்பிட்டு முடிக்க மூன்று மணி நேரம் ஆகுமாம். பேசாமல் நான் வீட்டிலேயே ரசம் சாதம் வைத்துக்கொள்ளட்டுமா?
— வாசகி, மதுரை

பதில்: அவசியம் போங்கள். மகன் தான் பழகிய இடத்துக்கு அம்மாவை அழைத்துப்போக ஆசைப்படுகிறான்; அதைத் தட்டாதீர்கள். ஆனால் சாலட் போதும் என்று மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பண்டிகை நாளில் தங்கள் மேசையிலிருந்து ஒருவர் அரைவயிறாக எழுந்து போனால் அந்தக் குடும்பத்துக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கும்.

வழி ஒன்றுதான்: முன்கூட்டியே சொல்லிவிடுவது. கிறிஸ்துமஸ் மதியம் இத்தகைய இடங்களில் பெரும்பாலும் ஒரே விருந்து, ஒரே விலை. ஆள் கணக்குப் பார்த்து முந்தைய நாளே சமையலைத் தொடங்கிவிடுவார்கள். அன்றைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு “எனக்கு வேறு” என்றால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வாரம் முன்பே மகனை நேரில் போகச் சொல்லுங்கள். மதியக் கூட்டம் கலைந்த பிறகு போனால் நின்று பேச நேரம் இருக்கும்.

என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் முக்கியம். “அம்மா சைவம்” என்று சொன்னால் மட்டும் போதாது. இத்தாலியில் சைவம் என்றால் முட்டையும் சீஸும் சாப்பிடுவார் என்றே எடுத்துக்கொள்வார்கள். பொலோன்யாவின் பெருமையே கையால் திரட்டும் பாஸ்தா மாவுதான். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை போட்டுப் பிசைவார்கள், தண்ணீர் சேர்ப்பதில்லை. ஆக, பாலாடைக்கட்டி வைத்து மடித்த தொர்த்தெல்லோனி என்ற பாஸ்தாவில் இறைச்சி இல்லாவிட்டாலும் அது உங்களுக்கு ஆகாது. ரிசொத்தோ வெறும் அரிசிச் சோறு மாதிரி தெரியும். பல சமயம் இறைச்சி வேகவைத்த சாற்றில்தான் வெந்திருக்கும். வெங்காயமும் தக்காளியும் மணிக்கணக்கில் வதக்கிச் செய்யும் ஃப்ரிஜ்ஜோனே என்ற தொக்கைப் பார்த்தால் உங்களுக்குக் கை தானாக நீளும். அதையும் பழைய முறையில் பன்றிக்கொழுப்பில்தான் செய்வார்கள். பார்மிஜானோ சீஸ் உறைவதற்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கிறார்கள். அது உங்களுக்குப் பரவாயில்லையா, வேண்டாமா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பயந்துவிடாதீர்கள், கேட்டு வாங்க நிறையவே இருக்கிறது. கடையில் விற்கும் உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் ரவையும் தண்ணீரும் மட்டும் சேர்ந்தது; முட்டை சேர்த்ததும் உண்டு, அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் போட்டுத் தரச் சொல்லலாம். மக்காச்சோள மாவில் கிளறும் பொலெந்தா, மேலே வதக்கிய காளான். அப்புறம் ஆலிவ் எண்ணெய் விட்ட வெள்ளை பீன்ஸ், சுட்ட பெருஞ்சீரகக் கிழங்கு, சற்றே கசக்கும் சிவப்பு ரதிக்கியோ கீரை. கடைசியில் பழமும் கொட்டைகளும். திரமிசு என்ற இனிப்பிலும் பனெத்தோனே கேக்கிலும் முட்டை உண்டு, கணவர் தட்டுக்குத் தள்ளிவிடுங்கள்.

கணவர் எல்லாம் சாப்பிடுவார் என்கிறீர்களே, மாட்டிறைச்சியுமா? கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊர் கிறிஸ்துமஸுக்குத் தொர்த்தெல்லீனி இல்லாமல் முடியாது. சுண்டுவிரல் நுனி அளவில் மடித்த மாவுக்குள் பன்றி இறைச்சி, ப்ரொஷுத்தோ (உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை), மொர்த்ததெல்லா (பன்றி இறைச்சி சாசேஜ்), சீஸ், ஜாதிக்காய். இந்தப் பூரணத்தின் அளவுகளை 1974-இல் பொலோன்யா வணிகச் சங்கத்தில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பற்று. அதை மிதக்கவிடும் சாறு பெரும்பாலும் சேவலும் மாட்டிறைச்சியும் சேர்ந்து கொதித்தது. அவருக்கு மாடு ஆகாதென்றால் அதையும் மகன் முன்கூட்டியே பேசப் போகும்போது சொல்லிவிடட்டும்.

மூன்று மணி நேரம் நீளமாகத் தெரியாது. நம் வீட்டுப் பந்தி போல எல்லாம் ஒரே இலைக்கு வராது. முதலில் தொடுகறி, பிறகு பாஸ்தா, பிறகு இறைச்சி, கூடவே காய்கறி என்று ஒவ்வொன்றாக வரும். நடுவே பேச்சுதான். அடுத்தது எங்கே என்று அவசரப்படுத்த வேண்டாம். அவர்களாக பில் கொண்டுவந்து வைக்கவும் மாட்டார்கள், கேட்டால்தான் வரும். ‘கோப்பெர்த்தோ’ (மேசைக் கட்டணம்) என்று ஆளுக்குச் சில யூரோ பில்லில் சேர்ந்திருக்கலாம், அது அங்கே வழக்கம்தான். டிப்ஸ் உங்கள் விருப்பம்.

ஊறுகாய் பாட்டிலை மட்டும் கைப்பையிலிருந்து எடுக்காதீர்கள். உங்களுக்கென்று தனியாகச் சமைத்தவர் எதிரிலேயே நிற்பார். முதல் வாய் சாப்பிட்டதும் அவர் முகத்தைப் பார்த்து ‘ப்வோனோ’ (நன்றாக இருக்கிறது) என்று சொல்லுங்கள், போதும்.

25, 26 இரண்டு நாளும் அங்கே அரசு விடுமுறை, பெரும்பாலான கடைகள் திறக்காது. பால், தயிர், காய்கறியை 24-ஆம் தேதி மதியத்துக்குள் மகனை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ரசம் சாதத்தை 26-ஆம் தேதிக்கு வைத்துக்கொள்ளலாம்.